சந்தேகப்படும் உரிமை யாருடையது?

1

'நெசமாத்தான் சொல்றியா?' காதலைச் சொன்னவரைப் பார்த்து, அதைக் கேட்டவர் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும்வரை இந்தக் கேள்வி கொஞ்சலாக இருக்கலாம், அச்சமாக இருக்கலாம், பேரமாகவும் இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் 'லவ்வா, டைம்பாஸா' என்று கேட்டுக்கொள்வதும் இதைத்தான். மூன்றாவது ஆள் ஒருவர் இதே கேள்வியைக் கையில் எடுக்கும்போது அது விசாரணையாக மாறிவிடுகிறது. அந்த மூன்றாவது ஆள் தகப்பனாக இருக்கலாம். சாதிச் சங்கமாக, காவல் நிலையமாக, நீதிமன்றமாக, பத்திரிகையாக இருக்கலாம். சாதி மறுப்புத் திருமணங்களை ஆதரித்து அறிக்கை எழுதுகிற நாமாகவும் இருக்கலாம்.

'காதலிக்கிறேன்' என்று சொல்பவர்கள் அதை உண்மையாகவே சொல்கிறார்களா என்பது மனித மனம் பற்றிய கேள்வியாகத்தான் நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது. எனக்கு அது முதலில் அதிகாரம் பற்றிய கேள்வியாகப் படுகிறது. யாருடைய காதல் வாக்கியம் சந்தேகிக்கப்படுகிறது, யாருடையது சந்தேகிக்கப்படுவதே இல்லை, சந்தேகப்படும் உரிமையை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு உண்மை, பொய் என்று பேசுவதில் அர்த்தமில்லை. கள்ளக்குறிச்சியில் 2020இல் நடந்த ஒரு திருமணத்தை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கிறேன்.

2

2020 அக்டோபர் 5ஆம் தேதி, அப்போது கள்ளக்குறிச்சி (தனி) தொகுதியின் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினராக இருந்த அ. பிரபு, தியாகதுருகத்தைச் சேர்ந்த கோயில் அர்ச்சகர் ஒருவரின் மகளைத் தன் வீட்டில் மணந்துகொண்டார். மணமகன் தலித். மணமகள் பிராமணப் பெண், பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி. பெண்ணின் தகப்பன் தீக்குளிக்க முயன்று தடுக்கப்பட்டார். பிறகு மகளைக் கடத்திவிட்டார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். சாதி அல்ல, வயது வித்தியாசமே தன் ஆட்சேபம் என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கடத்தவில்லை என்று மறுத்து எம்.எல்.ஏ. காணொளி வெளியிட்டார். அக்டோபர் 9ஆம் தேதி நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், டி. கிருஷ்ணகுமார் அமர்வின் முன் அந்தப் பெண், தன் விருப்பப்படியே மணந்துகொண்டதாகச் சொன்னார். நீதிமன்றம் அவரைக் கணவருடன் போகவிட்டு வழக்கை முடித்துவைத்தது.

நாலே நாளில் முடிந்த விவகாரம். ஆனால் இந்தப் பிரதியை இரண்டு விதமாக வாசிக்க முடியும். ஒன்று: தலித் ஆண், பிராமணப் பெண். மனுதர்மம் கடுமையாக வெறுக்கும் பிரதிலோமக் கலப்பு. 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் சாதிக்கு மெய்யான மருந்து கலப்பு மணமே என்றாரே, அதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. மற்றொன்று: ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், படித்துக்கொண்டிருக்கும் ஒரு இளம்பெண். வயது, பதவி, பணம், போலீஸ் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும்போது 'விருப்பம்' என்ற சொல்லுக்கு என்ன எடை?

இரண்டு வாசிப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் இருக்கிறது. முதலாவது அந்தப் பெண்ணின் வாக்கியத்தை உடனே நம்பிவிடுகிறது, ஏனென்றால் அது நமக்குத் தேவையான வாக்கியம். இரண்டாவது அதை உடனே சந்தேகிக்கிறது, ஏனென்றால் அது நம் கோட்பாட்டுக்கு ஒத்துவராத வாக்கியம். சொன்னவள் இரண்டிலும் உதாரணமாகிப் போகிறாள்.

நீதிமன்றம் செய்ததைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆட்கொணர்வு என்ற சொல்லிலேயே ஆளை, அதாவது உடலை, கொண்டுவந்து நிறுத்து என்ற பொருள்தான் இருக்கிறது. வந்து நின்ற உடல் ஒரு வாக்கியம் சொன்னதும் சட்டத்தின் வேலை முடிந்துவிட்டது. அவள் காதல் உண்மையா, எவ்வளவு நாள் தாங்கும், அவன் தகுதியானவனா என்பதெல்லாம் சட்டத்துக்கு வெளியே. வயதுவந்தவளா, தன் விருப்பமா, அவ்வளவுதான். 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு இது. நீதிமன்றங்கள் எப்போதும் இந்த வரம்புக்குள் நின்றதில்லை. 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம், இருபத்திநாலு வயது ஹாதியாவின் சொல்லை அவள் சொல்லாகவே ஏற்காமல் திருமணத்தை ரத்துசெய்து அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பியது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அதைத் திருத்தியது. அவளுக்காக அவளைச் சந்தேகப்படுவது என்கிற தகப்பன் வேலையை நீதிமன்றமும் செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

3

இந்தத் தகப்பன் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கோட்பாட்டுப் பெயரே உண்டு: 'நாடகக் காதல்.' 2012 இறுதியில் பா.ம.க. நிறுவனர் ச. ராமதாஸ் பல சாதித் தலைவர்களைக் கூட்டிவைத்து இதைப் பரப்பினார். ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்ட தலித் இளைஞர்கள் காதலிப்பதாக நடித்துப் பிற சாதிப் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்பது சாரம். உடையைப் பட்டியல் போட்டதைக் கவனியுங்கள். அந்த ஜீன்ஸை வேறு சாதிப் பையன் போட்டால் அது உடை. தலித் பையன் போட்டால் வேஷம். உடையே வேஷமாகிவிட்டபின், பேசும் வார்த்தை வசனமாகிவிடுவதில் என்ன ஆச்சரியம்?

'நாடகம்' என்ற சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. வார்த்தைகள் தகவல் மட்டும் சொல்வதில்லை, காரியமும் செய்கின்றன என்று 1955இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில் விளக்கினார் ஜே.எல். ஆஸ்டின். கல்யாணச் சடங்கில் 'ஏற்கிறேன்' என்பது அவருடைய புகழ்பெற்ற உதாரணம். அப்படிச் சொல்லும்போதே ஏற்பு நடந்துவிடுகிறது. ஆனால் மேடையில் நடிகன் சொல்லும் வார்த்தையை அவர் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டார். அது உள்ளீடற்ற, ஒட்டுண்ணிப் பேச்சு என்றார். 1971இல் தெரிதா இந்த ஒதுக்கலைத்தான் பிடித்துக்கொண்டார். எந்த வாக்கியமும் திரும்பச் சொல்லப்படக்கூடியதாக இருந்தால்தான் அது வாக்கியமாகவே இயங்கும். கல்யாணச் சடங்கில் சொல்லும் வார்த்தையும் ஏற்கெனவே ஆயிரம் பேர் சொன்ன வார்த்தைதான். ஆகவே மேற்கோள் தன்மை என்பது மொழிக்கு வந்த நோய் அல்ல, மொழி இருப்பதற்கான நிபந்தனை.

சரி, இதை நம்ம ஊருக்குக் கொண்டுவருவோம். 'ஐ லவ் யூ' என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் அது இரவல்தான். சினிமாவிலிருந்து, பாட்டிலிருந்து, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதிலிருந்து வந்ததுதான். ரோலான் பார்த் 1977இல் காதலின் சொல்லாடல் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். காதலிப்பவர் பேசும் மொழி துண்டு துண்டாக, பிறர் பேசிய சொற்களாகவே வந்துகொண்டிருக்கும் என்பதை அந்தப் புத்தகத்தின் வடிவமே காட்டிவிடும். எல்லோருக்கும் இரவலான ஒரு வாக்கியத்தில், சிலரை மட்டும் பிடித்து 'நீ நடிக்கிறாய்' என்று சொல்வதற்குப் பெயர் சாதி. வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்று பழமொழி வைத்திருக்கும் சமூகம் இது. மாப்பிள்ளையின் சம்பளம், பெண்ணின் வயது, இருக்கிற நிலம், இல்லாத நோய் என எல்லாவற்றிலும் பொய்க்கு அனுமதி உண்டு. சொந்த சாதிக்குள் என்றால் ஆயிரம் பொய் மன்னிக்கப்படும். சாதி தாண்டினால் ஒரே ஒரு மெய்யும் நிரூபிக்கப்பட வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் 'பொண்ணப் புடிச்சிருக்கா?' என்று பையனைக் கேட்பார்கள். பெண் தலை குனிந்தால் அதுவே சம்மதம். அந்த மௌனம் உண்மையா என்று எந்தச் சங்கமும் மாநாடு போட்டதில்லை.

4

காதல் வார்த்தையைச் சந்தேகிப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியக் கற்பியல், திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குச் சொல்லும் காரணம் நேர்த்தியானது: பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது அது. 'கூடவேயில்லை' என்று மறுப்பது, கூடிய பிறகு கைவிடுவது என்று உரைகாரர்கள் இதை விரிப்பார்கள். நம் மரபின் மிகப் பழைய இலக்கண நூலே காதலிப்பவன் பொய் சொல்வான் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறது. கபிலரின் குறுந்தொகைத் தலைவியும் அதைத்தான் நினைத்துக் கலங்குகிறாள். அவன் பொய்த்துவிட்டால் தனக்குச் சாட்சி அன்றைக்கு மீனுக்காகக் காத்து நின்ற குருகு மட்டுமே.

ஆனால் அகப்பாட்டில் இந்தச் சந்தேகம் யாருடையது? தலைவியுடையது. அவளோடு நின்று கேட்கும் தோழியுடையது. வார்த்தையைக் கேட்டவள் எவளோ, அது பொய்த்தால் இழப்பு எவளுக்கோ, அவளுக்கே சந்தேகப்படும் உரிமை. தோழியும் தலைவி சார்பில் தலைவனைக் கேள்வி கேட்பாளே தவிர, தலைவியின் மனதைத் திருப்பி எழுதுவதில்லை. அகமரபைப் பொற்காலமாக்குவது என் நோக்கமில்லை. அந்த உலகத்திலும் காவலும் அலரும் உண்டு, உயர்வு தாழ்வு உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன். 'நாடகக் காதல்' என்ற சொல்லாடல் செய்த பெரிய திருட்டு, தலைவியின் கையிலிருந்த சந்தேகத்தைப் பிடுங்கிச் சாதியின் கையில் கொடுத்ததுதான். அவள் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அவளுக்காகச் சாதி சந்தேகப்படுகிறது. பிறகு அவளையே சந்தேகப்படுகிறது.

5

அப்படிப் பிடுங்கிய பிறகு என்ன ஆகும் என்பதற்குத் தர்மபுரியைவிடக் கொடிய பாடம் இல்லை. 2012இல் தலித் இளைஞர் இளவரசனும் வன்னியர் பெண் ஒருவரும் மணந்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தப் பெண் தாயிடம் திரும்பினார். 2013 ஜூலை 3 அன்று, இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று சென்னையில் செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாள் இளவரசன் தர்மபுரியில் ரயில் பாதையோரம் சடலமாகக் கிடந்தார்.

அவள் முதலில் சொன்னது உண்மையா, கடைசியில் சொன்னது உண்மையா? அன்றைக்குத் தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து இதை விவாதித்தது. ஒரு தரப்புக்கு முதல் வார்த்தை மயக்கம், கடைசி வார்த்தை தெளிவு. இன்னொரு தரப்புக்கு முதல் வார்த்தை உண்மை, கடைசி வார்த்தை கட்டாயம். இரண்டாவது தரப்பில்தான் நானும் நிற்கிறேன் என்றாலும், விவாதத்தின் கட்டமைப்பு ஒன்றே என்பதைச் சொல்லியாக வேண்டும். எரிந்த மூன்று ஊர்களையும் ஒரு தகப்பனின் சாவையும் முதுகில் வைத்துக்கொண்டு ஒருத்தி பேசும்போது, அவள் 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அந்த வார்த்தை அவளுடையதாக இருக்க வாய்ப்பில்லை. அவள் மனதைத் தோண்டி உண்மையை எடுக்க வேண்டியதில்லை. உண்மை சொல்வதற்கான இடத்தையே எரித்துவிட்டார்கள் என்பதுதான் கிடைக்கக்கூடிய உண்மை.

கள்ளக்குறிச்சிக்குத் தென்கிழக்கே, விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில் கண்ணகிக்கும் முருகேசனுக்கும் விஷம் புகட்டிக் கொன்றார்கள். தலித் பையன், வன்னியர் பெண், பதிவுத் திருமணம் முடித்தவர்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். அவர்கள் காதலை யாரும் 'நாடகம்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அப்போது இப்படிப் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. காதல் உண்மை என்று தெரிந்தேதான் கொன்றார்கள். பொய்யான காதலுக்குத்தான் சாதி பயப்படுகிறது என்ற வாதம் இந்த ஒரு சம்பவத்திலேயே சரிந்து விழுகிறது.

6

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று வீட்டில், தெருவில் யார் பேசுகிறார்கள்? சினிமாவிலும் மொழிபெயர்ப்பிலும்தான். பேச்சில் இருப்பது 'எனக்கு உன்னப் புடிச்சிருக்கு'. இதில் 'நான்' எழுவாயாக நின்று செயல் புரிவதில்லை. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறது. எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்குக் கோபம் வருது என்கிற அதே கட்டு. நான் செய்வதல்ல, எனக்கு நேர்வது. பசிக்குது என்று சொன்னவனிடம் 'இந்தப் பசி சாகும்வரை இருக்குமா, அப்பதான் சோறு' என்று யாரும் கேட்பதில்லை. பசித்தபோது பசித்தது, அவ்வளவுதான்.

'புடிச்சிருக்கு' என்பதற்கு எதிர்ச்சொல் மிக எளிமையானது: 'புடிக்கல.' காதல் என்ற தமிழ்ச் சொல்லாடலில் இந்த எதிர்ச்சொல்லுக்கு மட்டும் இடமே இல்லை. காதலித்தால் கடைசிவரை, இல்லாவிட்டால் துரோகம், அதுவும் இல்லாவிட்டால் நாடகம். இந்தப் புனிதத்தை உடைக்கப் பெரியார் 'குடிஅரசு' காலத்திலேயே முயன்றார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் காதல் பற்றிய கட்டுரை இருக்கிறது. காதல் தெய்வீகமானது, ஒரே ஒருவர் மேல்தான் வரும், மாறாது என்ற பேச்செல்லாம் பெண்ணைக் கட்டிப்போடும் பொய் என்பதே அவர் வாதம். ஆசையும் அறிவும் அனுபவமும் மாறும்போது அன்பும் மாறலாம் என்று அன்றைக்குச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தமும் இந்த வழியில் வந்ததுதான். உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரை ஒருவர் மனைவியாக, கணவனாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் சரி. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். கவனித்தால், காதல் என்ற சொல்கூட அங்கே வேண்டாம். ஆஸ்டின் தேடிய காரியம் செய்யும் வாக்கியம் இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அது துழாவவில்லை. நீ சொன்னாய், அதற்கு நீ பொறுப்பு என்று மட்டும் சொல்கிறது.

7

சொன்ன சொல்லிலிருந்து விலகிப்போக வழி இருக்கும் சமூகத்தில் காதல் எப்படிப் பேசப்படும்? இதற்குக் கள்ளக்குறிச்சியிலிருந்தே மேற்கே பார்க்கலாம். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை வழியே ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மலைகளில் குடியேறி, ஆளுக்கொரு வேறு குலத்தில் பெண் எடுத்தார்கள் என்பது எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவுசெய்த இவர்களின் தோற்றக் கதை. கலப்பில் தொடங்குவதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாத மக்கள்.

இவர்கள் வழக்கத்தில் பரியம் கொடுத்துத்தான் பெண் எடுப்பார்கள். சேர்ந்து வாழ முடியாவிட்டால் விலகிக்கொள்ளலாம், மறுபடி மணக்கலாம். கணவனை இழந்தவளும் மணக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பரியத்தைப் பேசித் தீர்ப்பார்கள். இதை லட்சியமாக்க எனக்கு விருப்பமில்லை. பேசித் தீர்ப்பவர்கள் ஆண்கள், பணமும் ஆண்களுக்குள்தான் கை மாறுகிறது, குழந்தைத் திருமணம் மலையில் இன்னும் ஒழியவில்லை. இருந்தாலும் ஒன்று தெளிவாகிறது. 'புடிக்கல' என்பதற்குச் சமூகம் ஒரு வழி வைத்திருக்குமானால், 'புடிச்சிருக்கு' என்பதை நிரூபிக்கச் சொல்லித் துன்புறுத்த வேண்டிய அவசியம் குறைகிறது.

இந்த மலைக்கும் சமவெளியின் சட்டம் ஏறி வருகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு பெண்ணின் சம்மதம் சம்மதமே அல்ல. பதினேழு வயதில் கர்ப்பமாகி மருத்துவமனைக்கு வந்தால் காவல்துறைக்குத் தகவல் போயாக வேண்டும், பையன் உள்ளே போவான். குழந்தைகளைக் காக்க இந்தச் சட்டம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெற்றோர் சாதிக்காகத் தொடுக்கும் வழக்குக்கும் இதுவே கருவியாகிறது. 2021 ஜனவரியில் விஜயலட்சுமி வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்தினரின் உறவுகளைக் குற்றமாக்குவது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொல்வதைக் கேட்காமலே அவளைக் காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை தகப்பனிடமிருந்து சட்டத்துக்கும் தொற்றியிருக்கிறது.

8

நான் சொல்லவருவதைத் திரட்டிச் சொல்கிறேன். 'காதலிக்கிறேன்' என்ற வாக்கியம் உண்மையா என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. அளக்க முடிந்தது ஒன்றுதான்: அதைச் சொன்னவர் நாளைக்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் உயிரோடு, மானத்தோடு, சோற்றோடு இருக்க முடியுமா? முடியும் என்றால் இன்றைக்கு அவர் சொன்னது அவருடைய சொல். முடியாது என்றால், அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் தகுதி நம் யாருக்கும் இல்லை.

இந்த அளவுகோலைக் கள்ளக்குறிச்சித் திருமணத்தில் வைத்துப் பார்த்தால், நீதிமன்றம் தன் வேலையைச் சரியாகச் செய்தது என்றே சொல்வேன். மிச்ச வேலை நம்முடையது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை நாம் சுவரொட்டியாக்கும்போது அந்தப் பெண்ணைச் சாதியிடமிருந்து மீட்டு வேறொரு சட்டகத்துக்குள் மாட்டிவிடுகிறோம். பிறகு அவள் வீட்டில் அடி வாங்கினாலும் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் 'பாத்தீங்களா, நாடகம்' என்று அவர்கள் கைகொட்டுவார்கள். 'இயக்கத்துக்குக் கெட்ட பேரு, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா' என்று நம் தோழர்களே சொல்வார்கள். சாதியை எதிர்த்து மணந்தவளுக்கு மணவிலக்கு கேட்கும் உரிமை மட்டும் இல்லை என்றால், அது எந்த வகை விடுதலை?

ஆதரவுக் குழுக்கள் பாதுகாப்பு கேட்கிறார்கள், பதிவுக்கு உதவுகிறார்கள், அடைக்கலம் தருகிறார்கள். இவை உயிர் காக்கும் வேலைகள். இவற்றோடு இன்னொன்றும் சேர வேண்டும். 'உன் காதல் உண்மை என்பதால் உன் பக்கம் நிற்கிறோம்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'நீ சொன்னாய் என்பதால் நிற்கிறோம், நாளைக்கு நீ மாற்றிச் சொன்னாலும் நிற்போம்' என்று சொல்லப் பழக வேண்டும். படிப்பு நின்றுவிடாமல், கையில் ஒரு வேலையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் அவளுக்கென்று இருக்கும்படி பார்த்துக்கொள்வது காதலை வாழ்த்தும் கூட்டங்களைவிட முக்கியமான அரசியல். அவள் 'புடிக்கல' என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்கவும் பாதை இருந்தால்தான், 'புடிச்சிருக்கு' என்று அவள் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.